பென்சில் தொடாத வரி

வேப்பூரணி,
வன்னியம்பட்டி வழி.
2.12.2024

அன்புத் தம்பி காசிராஜனுக்கு,

அக்கா காளீஸ்வரி எழுதுவது. உன் அத்தானின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். அங்கே நீ, மகாலட்சுமி, பிள்ளை ஜெயசித்ரா எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்?

ராஜபாளையம் என்ன சீமையிலா இருக்கிறது, போனும் கையில் இருக்கிறது, இவள் ஏன் காகிதம் போடுகிறாள் என்று நினைப்பாய். போனில் கேட்டால், "பாக்கலாம்க்கா, மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். ஏழு தடவை அப்படி ஆயிற்று. வந்த தபாலுக்குப் பதில் போட்டே ஆக வேண்டும், அதுதான் ஆபீஸ் முறை என்று நீதானே சொல்வாய். அதனால் தபாலில் வருகிறேன்.

நம் ஊரை டவுனோடு சேர்க்கப் போகிறார்கள் என்று பேச்சு. போன வாரம் மூன்று பேர் வந்து தெருத்தெருவாக அளந்தார்கள். கேட்டதற்கு, "சும்மாதாம்மா" என்றார்கள். சும்மா வருகிறவன் டேப்பையும் தூக்கிக்கொண்டா வருவான்?

டவுனாகிவிட்டால் நூறு நாள் வேலை கிடையாதாம். அது கிராமத்துக்கு மட்டும்தானாம். நீ அறிவாய், அந்த வேலைக்கு ஆள் எண்ணி, போட்டோ பிடித்து அனுப்புகிற பொறுப்பு என்னுடையது. என் நோட்டில் இருநூற்று நாற்பது பேர் இருக்கிறார்கள். வீட்டுத் தீர்வை ஏறும் என்பதெல்லாம் அப்புறம். மாரியாத்தாள் மதினியை நினைத்துப் பார். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. அறுபத்திரண்டு வயதில் எந்த மில்லில் சேர்த்துக்கொள்வான்? நேற்று ஊரணிக் கரையில் மண்சட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "ஏட்டி காளி, ஒந்தம்பி அந்த ஆபீசுலதான இருக்கான். ஒரு வார்த்த கேட்டுச் சொல்லேன்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் கேட்கிறேன். உண்மையா, பொய்யா?

உன் அக்கா,
காளீஸ்வரி

*

ராஜபாளையம்,
14.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி காசிராஜன் வணக்கம். எல்லாரும் நலம். அத்தானை மாடி ஏற விடாதே. ஜெயசித்ரா பன்னிரண்டாம் வகுப்புக்கு இரவுபகலாகப் படிக்கிறாள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எந்த நகராட்சி, எந்த ஆபீஸ் என்று கடிதத்தில் பெயர் போடாதே. இந்தத் தடவை எழுதியது போல டவுன் என்றே எழுது. ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்பாதே, வீட்டுக்கு அனுப்பு. இருபத்திரண்டு வருடமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன். காகிதம் எங்கே போய் எப்படித் திரும்பி வரும் என்று எனக்குத் தெரியும்.

நீ கேட்டது உண்மைதான். பட்டியலில் நம் ஊர் இருக்கிறது. நான் சொன்னதாக வெளியே சொல்லாதே. இன்னும் முடிவாகவில்லை. டவுனைச் சுற்றியுள்ள ஆறு ஊர்களில் எது இன்னும் கிராமமாக இருக்கிறது, எது மாறிவிட்டது என்று பார்க்கிறார்கள். ஜனவரி இருபத்தாறு கிராம சபையில் தீர்மானம் போட்டு, கையெழுத்து வாங்கி ஒரு மனு கொடுங்கள். ஜனவரி முதல் வாரத்தோடு தலைவர் பதவி முடிந்துவிடும், தனி அலுவலர்தான் இருப்பார். அதனால் என்ன, சபை சபைதான்.

மனுவை எழுதியதும் எனக்கு அனுப்பு. ஒரு தடவை பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
காசிராஜன்

*

வேப்பூரணி,
27.12.2024

அன்புத் தம்பிக்கு,

சுகம், சுகமறிய ஆவல். ஜெயசித்ரா படிக்கட்டும், ஆனால் தூங்கவும் விடு.

உன் காகிதம் வந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. செய்தி நல்லதில்லை, ஆனாலும் நீ பார்த்துத் தருகிறேன் என்றாயே, அந்தத் தெம்பு. சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டோம். தலைவர் குருசாமி மாமா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஊரில் இல்லாத வசதிகளைச் சொல்லி முறையிடலாம் என்று இரண்டு பேர் ஆரம்பித்தார்கள். மாமா கையை நீட்டி நிறுத்திவிட்டார்.

"பொண்ணு கேட்டு வந்தவன வேண்டாம்னு சொல்லணும்னா அழுது வடியக் கூடாதுய்யா. எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல, போயிட்டு வாங்கன்னு கும்பிடு போடணும். கொறை இருக்குன்னு எழுதுனா, அதத் தீத்து வைக்கத்தான் வாரோம்னு உள்ள வந்துருவான்."

எல்லாரும் சரி என்றார்கள். எனக்கும் சரியாகத்தான் பட்டது. மூன்றாம் பத்தியில் ஊர்ப் பெருமையெல்லாம் வந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டி மூன்று, எல்லாத் தெருவிலும் சிமெண்ட் ரோடு, இங்கிலீஷ் பள்ளி, ஏ.டி.எம்., மருந்துக்கடை இரண்டு, நாற்பது வீட்டில் பேண்டேஜ் துணி நெய்கிற தறி, பெண்களை மில்லுக்கு ஏற்றிப் போக ஆறு வேன். "விவசாயத்தை நம்பி இருப்போர் இன்று சொற்பமே. ஆகவே டவுன் எங்களுக்குத் தர வேண்டியது ஒன்றுமில்லை" என்று முடித்தோம்.

அதற்குக் கீழே நானாக ஒரு வரி எழுதினேன். "இருநூற்று நாற்பது பேர் நூறு நாள் வேலையையும், மற்றவர்கள் ஆடு மாட்டையும் வயலையும் நம்பியே பிழைக்கிறோம்." மாமா பேனாவை வாங்கி அதன்மேல் ஒரு கோடு போட்டார். "மேல அம்புட்டையும் சொல்லிட்டு கீழ கூலி வேலைன்னு எழுதுனா ஊரு மானம் என்னத்துக்கு ஆகும்?" என்றார். ஆம்பிளைகள் தலையாட்டினார்கள். மாரியாத்தாள் மதினி மட்டும், "மானம் சோறு போடுமாக்கும்" என்று என் காதில் சொன்னாள்.

கடைசியில், தம்பியிடம் கேட்கிறேன், அவன் சொல்கிறபடி செய்வோம் என்று சொல்லிவிட்டு வந்தேன். மாமாவும் ஒத்துக்கொண்டார். மனு இத்துடன் இருக்கிறது. அடித்த வரியை அப்படியே விட்டிருக்கிறேன். அதை மறுபடி சேர்க்கவா, வேண்டாமா? இது ஒன்றுக்கு மட்டும் தெளிவாகப் பதில் எழுது.

அக்கா
காளீஸ்வரி

*

வேப்பூரணி,
11.1.2025

தம்பிக்கு,

எல்லாரும் நலமா? மனு வந்து சேர்ந்ததா? பதினைந்து நாளாகிறது. பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள்கொத்தும் பால்ச்சாமியின் பால் வண்டியில் கொடுத்து விடுகிறேன், வாங்கிக்கொள். இருபத்தாறுக்கு இன்னும் பதினைந்தே நாள்தான். அந்த வரியைப் பற்றி மறந்துவிடாதே. மதினி தினம் கேட்கிறாள். தபால்காரரைப் பார்த்தாலே சைக்கிளுக்கு முன்னால் போய் நிற்கிறாள்.

காளீஸ்வரி

*

ராஜபாளையம்,
17.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கரும்பு வந்தது. நல்ல இனிப்பு. மகாலட்சுமி அத்தானுக்கு முட்டிவலித் தைலம் கொடுத்து விட்டிருக்கிறாள், ராத்திரியில் தடவச் சொல்.

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ஆபீஸில் வேலை கழுத்துவரை இருக்கிறது. மனுவைப் பார்த்துவிட்டேன். பென்சிலால்தான் திருத்தியிருக்கிறேன், நல்ல நகல் எடுத்ததும் ரப்பரால் அழித்துவிடு. பெறுநர் பகுதியை மாற்றியிருக்கிறேன். பொருள் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். இடது பக்கம் மார்ஜின் இரண்டு விரல் விட வேண்டும், இல்லாவிட்டால் ஃபைலில் கோக்கும்போது எழுத்து மறைந்துவிடும். மூன்றாம் பத்தி ஒரே ஓட்டமாக இருந்தது, அதை ஒன்று இரண்டு என்று வரிசைப்படுத்தியிருக்கிறேன். கையெழுத்துகளைத் தனித் தாளில் வாங்கி இணைப்பு என்று போடுங்கள்.

மற்றபடி மனு நன்றாகவே இருக்கிறது.

எனக்குக் கொஞ்ச நாளாகத் தலைவலி. கண்ணாடி மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

அன்புடன்,
காசிராஜன்

*

வேப்பூரணி,
28.1.2025

அன்புத் தம்பிக்கு,

தைலம் நன்றாகக் கேட்கிறது. உன் அத்தான் இப்போது கடைவரை நடக்கிறார். நீ கண்ணாடியைத் தள்ளிப் போடாதே.

கிராம சபை நடந்தது. இத்தனை கூட்டத்தை நான் பார்த்ததில்லை. குருசாமி மாமா மனுவை வாசித்தார். மூன்றாம் பத்தியில் நீ நம்பர் போட்டிருந்தாயே, ஒவ்வொரு நம்பருக்கும் கைதட்டு. தனி அலுவலர் வாங்கிக்கொண்டு, "ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க" என்றார். எல்லாருக்கும் பெருமை தாங்கவில்லை. எழுநூற்றுப் பதினொரு கையெழுத்து. மதினி கைநாட்டு வைக்க மாட்டேன் என்று அடம் பிடித்து, இரண்டு நாள் என்னிடம் எழுதிப் பழகிக் கையெழுத்தே போட்டாள். "மாரியா" வரைக்கும் வந்தது. போதும் என்று விட்டுவிட்டோம்.

அந்த வரியை எடுத்துவிட்டோம். நீ மனு முழுக்கப் பென்சில் ஓட்டியிருந்தாய், அந்த இடத்தை மட்டும் தொடவில்லை. அடித்தது அடித்தபடியே இருந்ததால் வேண்டாம் என்றுதான் அர்த்தம் என்று மாமா சொன்னார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். இரண்டு தடவை கேட்டும் நீ வாய் திறக்கவில்லையே என்று ஒரு சின்ன வருத்தம், அவ்வளவுதான்.

அக்கா
காளீஸ்வரி

*

ராஜபாளையம்,
3.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஒரு மாதமாக எழுத முடியவில்லை. கண்ணாடி மாற்றியும் தலைவலி விடவில்லை. ஜெயசித்ராவுக்குப் பரீட்சை தொடங்கிவிட்டது.

ஒரு விஷயம். டவுனில் துப்புரவு வேலையைக் கான்ட்ராக்டுக்கு எடுத்திருப்பவர் எனக்குத் தெரிந்தவர். புது வார்டுகளுக்கு மேற்பார்வைக்குப் பெண்கள் வேண்டும் என்கிறார். ஆள் எண்ணுவதும் போட்டோ எடுப்பதும்தான் வேலை, உனக்குப் பழக்கமானது. சொல்லி வைக்கட்டுமா? யோசித்துச் சொல். அவசரமில்லை.

ஊரில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

காசிராஜன்

*

வேப்பூரணி,
12.3.2025

தம்பிக்கு,

இங்கே சுகம். பிள்ளை பரீட்சையை நல்லபடியாக எழுதட்டும்.

உன் காகிதத்தை நாலு தடவை படித்தேன். புது வார்டு என்று எழுதியிருக்கிறாய். எந்த வார்டு அது? மனு கொடுத்து ஆறு வாரம்தான் ஆகிறது, நீ எனக்கு வேலையே பார்த்துவிட்டாய். பிள்ளை பிறக்குமுன் பெயர் வைப்பார்கள், ஆள் சாகுமுன் பதினாறாம் நாளுக்குச் சமையல்காரனுக்குச் சொல்வார்களா?

வேலை வேண்டாம். எனக்கு ஒருத்திக்கு வேலை கிடைத்தால் மீதி இருநூற்று முப்பத்தொன்பது பேரை எந்த நோட்டில் எழுதுவேன்? இப்போது ஊரணிக்கு வரும் கால்வாயைத் தூர்வாருகிறோம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. மதினி போட்டோவுக்கு நிற்கும்போது முந்தானையைச் சரி செய்துகொண்டு, "ஏட்டி, ஒந்தம்பி இந்தப் படத்தப் பாப்பானா?" என்று கேட்டாள். பார்ப்பான் என்று சொன்னேன். சிரித்தாள்.

எனக்குக் களைப்பாக இருக்கிறது, தம்பி. மண் சுமந்தல்ல, காத்திருந்து. தெரிந்ததைச் சொல்லிவிடு.

காளீஸ்வரி

*

வேப்பூரணி,
24.4.2025

தம்பிக்கு,

போன காகிதத்துக்குப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? பால்ச்சாமியிடம் விசாரித்தேன். காலையில் நீ ஆபீஸ் போவதைப் பார்த்தேன் என்றான். அந்த மட்டுக்கு நிம்மதி.

உத்தரவு வந்துவிட்டது. உனக்குத் தெரிந்திருக்கும். ஆறு ஊரில் நான்கைச் சேர்த்துவிட்டு, இரண்டை விட்டுவிட்டார்கள். விட்ட ஊரில் ஒன்றில் பஸ் நிற்கக்கூட இடமில்லை, ரோடெல்லாம் குழி. அவர்கள் இன்னும் கிராமமாம்.

குருசாமி மாமா அலைந்து திரிந்து அந்த அறிக்கையின் நகலை வாங்கி வந்தார். சமுதாயக் கூடத்தில் நான்தான் வாசித்தேன். எட்டாம் பக்கத்தில் ஓரிடத்தை மட்டும் இரண்டு தடவை வாசித்தேன். "வேப்பூரணி மக்களே தங்கள் மனுவில் தெரிவித்துள்ளபடி, விவசாயத்தை நம்பி இருப்போர் சொற்பமே. எனவே இவ்வூர் நகரத் தன்மையை அடைந்துவிட்டது" என்று போட்டிருக்கிறது. அடியில் ஒன்று முதல் ஏழு வரை நம் ஊர்ப் பெருமை, நீ போட்ட அதே வரிசையில். நூறு நாள் வேலை என்ற சொல் பதினான்கு பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை.

மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "நாமளே எழுதிக் குடுத்துட்டமேய்யா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். மதினி என்னைப் பார்த்து, "பொறவு ஒந்தம்பி என்னத்தத்தான் பாத்தான்?" என்றாள்.

அதையேதான் நானும் கேட்கிறேன். தெரியாமல் விட்டாயா, தெரிந்து விட்டாயா?

காளீஸ்வரி

*

ராஜபாளையம்,
9.5.2025

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தெரிந்துதான் விட்டேன்.

உன் மனுவைப் பிரித்ததுமே மூன்றாம் பத்தியில் கண் நின்றது. முக்கால்வாசிப் பேர் விவசாயத்தை விட்டுவிட்டார்கள் என்று காட்ட ஒரு காகிதம் வேண்டும் என்று ஆபீஸில் தேடிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் அதை எழுதிக் கையெழுத்தும் போடப் போகிறீர்கள். அந்தப் பத்தியை எடு, அடித்த வரியை முதலில் வை என்று எழுத வேண்டியதுதான். பேனாவை எடுத்தேன். அந்த வாரம்தான் அறிக்கையின் முதல் குறிப்பைத் தயாரிக்கும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். ஊருக்கு யோசனை சொன்னவனே அறிக்கையும் எழுதினான் என்று நாளைக்கு ஒருவன் கிளப்பினால் என் வேலை என்னாகும்? பதவி உயர்வுப் பட்டியலிலும் என் பெயர் இருக்கிறது. பேனாவை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தேன்.

எட்டாம் பக்கத்தை எழுதியதும் நான்தான் அக்கா.

எத்தனையோ மனுக்களைப் பார்த்துவிட்டேன். கண்ணீர் விட்டு எழுதியது, சட்டம் பேசி எழுதியது, எல்லாம் ஒரே அலமாரியில்தான் கிடக்கின்றன. எப்படி எழுதினாலும் ஊர் போகத்தான் போகிறது என்று நினைத்தேன். இரண்டு ஊரை விட்டுவிட்டார்கள் என்று பார்த்தபோதுதான் அந்த நினைப்பு தப்பு என்று தெரிந்தது. சரியாக எழுதியிருந்தால் நம் ஊரும் நின்றிருக்குமோ என்னவோ. அது இனிமேல் எனக்குத் தெரியவே போவதில்லை.

ஊரில் சொல்லிவிடு. யார் வந்து என்ன கேட்டாலும் கேட்டுக்கொள்கிறேன்.

காசிராஜன்

*

வார்டு எண் 38
(பழைய பெயர் வேப்பூரணி),
1.6.2025

தம்பி காசிராஜனுக்கு,

அக்கா எழுதுவது. விலாசம் மாறியிருப்பதைப் பார். தபால்காரர் இப்படித்தான் எழுதச் சொன்னார். உன் அத்தான் சுகம். ஜெயசித்ரா நல்ல மார்க் வாங்கியிருப்பதாகப் பால்ச்சாமி சொன்னான். பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். உன் தலைவலி எப்படி இருக்கிறது?

கோபமில்லை என்று சொல்ல மாட்டேன். எப்படி எழுதினாலும் போகத்தான் போகிறது என்றாயே, போகிற ஊருக்கு மார்ஜின் எதற்கு? நம்பர் எதற்கு? நன்றாகவே இருக்கிறது என்று ஏன் எழுதினாய்? வீட்டில் தீப்பிடித்தது தெரிந்தும் வாசலில் கோலத்தைத் திருத்திவிட்டுப் போயிருக்கிறாய். அந்தப் பழைய மனு என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. பென்சிலை நான் அழிக்கவில்லை. பயப்படாதே, யாருக்கும் காட்ட மாட்டேன்.

கால்வாய் பாதியில் நிற்கிறது. நூறு நாள் வேலை இனிக் கிடையாது என்று சொன்ன அன்றைக்கு நோட்டைப் பார்த்துக் கடைசியாக ஒரு தடவை எல்லார் பெயரையும் கூப்பிட்டேன். எதற்குக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. இருநூற்று நாற்பது பேரும் ஏன் என்று கேட்காமல் இருக்கேன், இருக்கேன் என்றார்கள்.

மறுநாள் சமுதாயக் கூடத்தில் கூடினார்கள். "காளி, ஒந்தம்பி அந்த வரியப் பத்தி என்னதான் சொன்னான்? இன்னைக்கு ஒடச்சுச் சொல்லிரு" என்றார் மாமா. நீ சொல்லச் சொன்ன பதில் என் முந்தானையில் முடிந்து கிடந்தது. எழுந்து நின்றேன். தம்பி அந்த வரியைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லித்தான் தனியாக ஒரு தாளில் எழுதியிருந்தான், ஊர் மானத்துக்குப் பயந்து நான்தான் மறைத்துவிட்டேன் என்று சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதே. சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. நம் கூடப்பிறந்தவன் ஊர்ப் பக்கம் தலைகாட்ட முடியாமல் போய்விடுவானே என்று தோன்றியிருக்கும். இப்போது நான்தான் தலைகாட்ட முடியாமல் இருக்கிறேன். குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. மாமா பேசுவதில்லை. மாரியாத்தாள் மதினி அன்றைக்கு எழுந்து என் முன்னால் வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "ரெண்டு நாளா எழுதப் பழக்குனியே ஏட்டி, எம்பேர" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு என் வாசலைத் தாண்டும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். காலை வேனில் வாளியும் துணியுமாகப் போகிறாள், எங்கேயோ வீடு துடைக்கிறாளாம்.

ஆனி கடைசிச் செவ்வாய் அம்மன் பொங்கல். மகாலட்சுமியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. உன்னை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். காசிராசன் தங்கமான பய, அம்புட்டுச் சொல்லியும் கூடப்பிறந்தவ கெடுத்துட்டா என்றுதான் ஊரே பேசுகிறது. மதினி உனக்கென்று பணியாரம் சுட்டு வைப்பாளாம், ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறாள்.

வந்து, அவள் வீட்டில் உட்கார்ந்து, அதைத் தின்றுவிட்டுப் போ.

உன் அக்கா,
காளீஸ்வரி